விளம்பரத்தில் 300, வீட்டில் 7: வேகம் எங்கே போகிறது?

கைத்தொலைபேசி இணையத்தின் வேகம் பற்றி மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நோர்வூட் வாசகர்: "300 எம்பிபிஎஸ்" (செக்கனுக்கு 300 மெகாபிட்) என்று பெட்டியில் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கினோம். இரவில் சோதித்தால் 7, 8க்கு மேல் ஏறவில்லை. ரவுட்டர் பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் பெட்டியை எடுத்து அந்த 300 எதைச் சொல்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் பெரிய எழுத்தில் இருப்பது வைஃபை வேகம். அது ரவுட்டரிலிருந்து உங்கள் போன் வரைக்குமான கணக்கு. டவரிலிருந்து ரவுட்டருக்கு என்ன வரும் என்பது பொடி எழுத்தில் "கேட் 4" அல்லது "கேட் 6" என்று ரவுட்டரின் வகையாகப் போட்டிருக்கும். கேட் 4 என்றால் உச்சம் 150 மெகாபிட். கேட் 6க்குத்தான் 300, அதுவும் கம்பனி அந்த டவரில் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துக் கொடுத்தால்.

அந்த 150 வருவதற்கும் பல விஷயங்கள் கூடிவர வேண்டும். அந்த டவரில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவரிசை 4ஜிக்கு இருக்க வேண்டும். 10 மட்டும் இருந்தால் உச்சமே 75தான். வீடு டவருக்கு நேரே, தடையில்லாமல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் டேட்டா பாவிக்கக் கூடாது. இந்த மூன்றாவது நடக்கவே நடக்காது.

டவரில் பொதுவாக மூன்று பக்கங்களுக்கு அன்டெனா இருக்கும். உங்கள் பக்கத்துக்குரிய கொள்ளளவை அந்தப் பக்கத்து லயங்கள், பாடசாலை, கடைவீதி எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. சிக்னல் தெளிவாக உள்ள வீட்டுக்கு ஒரு துடிப்பில் 6 பிட் (பிட் என்பது டேட்டாவின் மிகச் சிறிய துண்டு) ஏற்றி அனுப்பலாம். மலைக்குப் பின்னால் மறைந்த வீட்டுக்கு 2 பிட்தான் போகும். ஆக, அதே வீடியோவுக்கு அந்த வீடு டவரை மூன்று மடங்கு நேரம் பிடித்து வைக்கிறது, மற்றவர்களுக்கும் அது குறைகிறது. இப்படி எல்லா வகை வீடுகளும் கலந்திருக்கும்போது 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு பக்கம் மொத்தமாக 30, 40 மெகாபிட் கொடுப்பதே வழக்கம். இரவு எட்டு மணிக்குப் பத்து வீட்டில் வீடியோ ஓடினால் ஆளுக்கு 3 அல்லது 4. உங்களுக்கு 7 வருகிறதென்றால் உங்கள் இடம் மோசமில்லை.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைக்குக் கூடும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்புமுன் விடிய ஐந்து மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை, ரவுட்டரை அசைக்காமல் மூன்று நாள் சோதியுங்கள். விடியலில் 40, இரவில் 7 என்றால் காரணம் நெரிசல். எந்த அன்டெனா வாங்கினாலும் பெரிதாக மாறாது. இரண்டு நேரமும் 7தான் என்றால் காரணம் அநேகமாக உங்கள் இடம், அதைத் திருத்தலாம். அதற்குமுன் பெக்கேஜின் வேக வரம்பையும், டேட்டா அளவு முடிந்து கம்பனியே வேகத்தைக் குறைத்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உச்ச வேகத்தைப் பெரிதாகப் போடும் கம்பனிகள் அதன் பக்கத்திலேயே இரவு எட்டு மணி வேகத்தையும் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நாட்சம்பளக் காசில் ரீலோட் போடுகிறவருக்கு அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

அப்புத்தளை வாசகி: எங்கள் வீடு உச்சியில் இருக்கிறது. எப்போதும் நான்கு கோடு முழுதாகக் காட்டும். ஆனால் பிள்ளையின் சூம் வகுப்பு அறுந்து அறுந்து வருகிறது. கீழே பள்ளத்தில் உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. எப்படி?

கோடுகள் சத்தம் எவ்வளவு என்று சொல்லும், தெளிவைச் சொல்லாது. உச்சியில் இருந்து பார்த்தால் நாலைந்து டவர்கள் தெரியும். அத்தனையும் ஒரே அலைவரிசையில் பேசினால் உங்கள் போனுக்குச் சந்தையில் நின்று ஒருவர் பேச்சைக் கேட்பது போலத்தான். பள்ளத்தில் உள்ளவருக்கு ஒரே டவர். மற்றவற்றை மலை மறைத்துவிடுகிறது.

எண்ணாகவே பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் அழைப்பு எண் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் "போன் தகவல்" திறக்கும். சாம்சங்கில் *#0011#. ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்க வேண்டும். ரவுட்டரில் அதன் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். இரண்டு எண்களைத் தேடுங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது பலம்: −80 அருமை, −100 சமாளிக்கலாம், −110க்குக் கீழே தொல்லை. இதில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு: 20க்கு மேல் மிக நன்று, 10 போதும், 0க்குக் கீழே போனால் எத்தனை கோடு இருந்தும் பயனில்லை. உங்கள் வீட்டில் பலம் −80, தெளிவு 2 என்பது போல வரும் என்று நினைக்கிறோம்.

இந்தத் திரையைத் திறந்தபடியே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள். எண் மெதுவாகத்தான் மாறும். எஸ்ஐஎன்ஆர் கூடும் இடத்தைத் தேடுங்கள், கோடு குறைந்தாலும் பரவாயில்லை. வேண்டாத டவர்கள் உள்ள பக்கத்தில் கற்சுவர் இருந்தால் அதை மறைப்பாக வைத்து இந்தப் பக்கம் ரவுட்டரை வையுங்கள். பல வீடுகளில் முன் இஸ்தோப்பில் கெட்டுப்போவது பின்பக்கக் குசினி ஜன்னலில் சரியாகிவிடும்.

*#*#4636#*#* அடித்துத் திறக்கும் திரையில் "4ஜி மட்டும்" என்று மாற்றும் வசதியும் பல போன்களில் இருக்கும். 4ஜியில் குரல் அழைப்பு வசதி இல்லாத போனில் அதைப் போட்டுவிட்டால் அழைப்பு எதுவும் வராது. சோதித்துவிட்டு பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

மஸ்கெலியா வாசகர்: தகரக் கூரை லயத்தில் சிக்னல் −113. வெளியே வைக்கும் அன்டெனா வாங்கலாமா? கடையில் 10 மீட்டர் கேபிளோடு தருகிறார்கள்.

அன்டெனாவுக்குமுன் ரவுட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். தகரத்தை அலை ஊடுருவாது; ஜன்னல், கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. டிவி மேசையிலிருந்து டவர்ப் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்தினாலே 10 எண் கூடுவது சாதாரணம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

போதாவிட்டால் அன்டெனா. இங்கேதான் காசு வீணாகிறது. கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி-58 வகைக் கேபிள் 4ஜி பாவிக்கும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் 10 மீட்டருக்கு 7 முதல் 9 டெசிபெல் (ஆர்எஸ்ஆர்பி எண் கூடிக் குறைவதும் இதே அளவில்தான்) வரை தின்றுவிடும். அன்டெனா 9 டெசிபெல் கூட்டித் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ரவுட்டருக்கு வந்து சேர்வது அதிகபட்சம் இரண்டுதான், சில வேளை ஒன்றுமே இல்லை. தடித்த எல்எம்ஆர்-400 வகையென்றால் அதே நீளத்துக்கு இழப்பு சுமார் 2 டெசிபெல். விலை கூட, வளைப்பதும் கடினம். முடிந்தவரை கேபிளை 3 மீட்டருக்குள் வையுங்கள். இன்னும் நல்ல வழி, மழைக்குத் தாங்கும் வெளி ரவுட்டரையே கம்பத்தில் ஏற்றி லேன் கேபிளை உள்ளே இறக்குவது. லேன் கேபிளில் 100 மீட்டர் வரை வேகம் குறையாது, மின்சாரமும் அதே கேபிளில் போகும்.

4ஜி ரவுட்டருக்கு இரண்டு அன்டெனா வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் பாதியாகலாம். இரண்டையும் ஒன்று வலது, ஒன்று இடது சாய்வாக 45 பாகையில் வையுங்கள். வாங்குமுன் ரவுட்டரின் பின்னால் அன்டெனா துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் வெளியே திருகக்கூடிய குச்சி இருந்தும் அது வைஃபைக்கானது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது கம்பத்துக் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும்.

டவர் சிக்னலை வாங்கிப் பெருக்கித் திரும்ப வீசும், "பூஸ்டர்" என்று விற்கும் ரிப்பீட்டர் வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டப்படி ரேடியோ அலை வீசும் கருவிக்கு உரிமம் தேவை. தரமற்ற பூஸ்டர் ஒன்று டவரின் காதில் இரைச்சலைப் போட்டு முழு டிவிஷனுக்கும் இணையத்தைக் கெடுத்துவிடும்.

பசறை வாசகர்: மழை, பனிமூட்டம் வந்தால் நெட் படுத்துவிடுகிறது. 4ஜி அலையை மழை தடுக்கிறதா?

மிக மிகக் குறைவு. 1800 மெகாஹெர்ட்ஸுக்குக் கடும் மழைகூடப் பொருட்டே இல்லை, மூட்டம் அதிலும் இல்லை. நனைந்த இலைகள் தடுக்கும். வீட்டுக்கும் டவருக்கும் இடையே யூக்கலிப்டஸ், டர்பன்டைன் மரங்கள் அடர்ந்திருந்தால் மழையில் சில டெசிபெல் குறையும்.

பெரிய காரணம் டவருக்குப் பின்னால் இருக்கிறது. மலைப்பகுதி டவர்கள் பலவற்றுக்கு ஃபைபர் (ஒளியில் டேட்டா போகும் கண்ணாடி இழைக் கேபிள்) போகவில்லை. வட்டமான டிஷ் மூலம் மலைக்கு மலை மைக்ரோவேவ் என்னும் ரேடியோ அலையில் இணைத்திருக்கிறார்கள். 23 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபெல்லைக் குடித்துவிடும். இணைப்பு அறாமல் இருக்கக் கருவி தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. உங்கள் போனில் கோடு அப்படியே நிற்கும், ஆனால் எதுவும் திறக்காது. இன்னொரு காரணம் மின்வெட்டு: டவர் பெட்டரியில் ஓடி, அது தீர்ந்ததும் சிக்னலே போய்விடும். மழையில் கோடு இருந்தும் நெட் இல்லையென்றால் முதலாவது, கோடே இல்லையென்றால் இரண்டாவது. கம்பனிக்கு முறையிடும்போது இதைப் பிரித்துச் சொன்னால் ஆள் சரியான இடத்துக்கு வருவார்.

நுவரெலியா வாசகர்: 5ஜியில் 20 கிகாபிட் வேகம், 1 மில்லிசெக்கன் தாமதம் என்கிறார்கள். போனை மாற்றலாமா?

20 கிகாபிட் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கான ஐஎம்டி-2020 தரத்தில் வகுத்த உச்சம். அதே தரம் நெருக்கமான நகரத்தில் ஒரு பாவனையாளர் உணர வேண்டிய வேகமாகச் சொல்வது 100 மெகாபிட், மேலேற்ற (அப்லோட்) 50. இரண்டுக்கும் இடையே 200 மடங்கு. விளம்பரத்துக்கு எது போனது என்று உங்களுக்கே தெரியும்.

மலையில் இன்னொரு சிக்கல். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை, அதே தூரத்தில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையை விட 6 டெசிபெல்லும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையை விட 12 டெசிபெல்லும் கூடுதலாக இழக்கும். சுவரிலும் மரத்திலும் இன்னும் விழும். டவர் கண்ணுக்குத் தெரியும் வீட்டில் 5ஜி நிச்சயம் பெரிய முன்னேற்றம். ஒரு முகடு தாண்டிய வீட்டில் போன் மறுபடி 4ஜிக்குத்தான் இறங்கும். மேலே "5ஜி" எழுத்து நின்றாலும் நம்பிவிட வேண்டாம். 4ஜியின் துணையோடு இயங்கும் வகையில், டவரில் 5ஜி சேர்க்கும் வசதி உண்டு என்பதற்கே அந்த எழுத்து வரக்கூடும். 5ஜி போன் உள்ள ஒருவரை வீட்டுக்கு அழைத்து, ரவுட்டர் வைக்கப்போகும் அதே ஜன்னலில் இரவு எட்டு மணிக்குச் சோதித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

1 மில்லிசெக்கன் தாமதம் என்பது போனுக்கும் டவருக்கும் இடையிலான கணக்கு. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீட்டர்தான் போகும். சிங்கப்பூரில் உள்ள விளையாட்டு சேர்வருக்குக் கடலடிக் கேபிள் வழியாகப் போய் வர 30 மில்லிசெக்கனாவது பிடிக்கும். எந்த ஜியும் அதைக் குறைக்காது.

பண்டாரவளை வாசகி: சோதனையில் 40 காட்டுகிறது, பைல் இறங்கும்போது 5தான் காட்டுகிறது. ஏன்?

இரண்டும் ஒன்றுதான். சோதனை மெகாபிட்டில், பைல் மெகாபைட்டில். 40ஐ 8ஆல் வகுத்தால் 5.

தலவாக்கலை வாசகர்: வேகச் சோதனையிலேயே டேட்டா முடிந்துவிடுகிறதா? முறைப்பாட்டுக்கு எத்தனை தடவை செய்ய வேண்டும்?

50 மெகாபிட் வேகத்தில் 10 செக்கன் சோதித்தால் இறக்கத்துக்கு மட்டும் 62 மெகாபைட் போகும், மேலேற்றம் தனி. நாளுக்கு இரண்டு தடவை, மூன்று நாள் போதும். சோதனைச் செயலி அருகிலுள்ள கம்பனி சேர்வரையே தானாகத் தெரிவு செய்யும். ஒரு தடவை சிங்கப்பூர் சேர்வரையும் தெரிவு செய்து பாருங்கள், வெளிநாட்டுத் தளங்களுக்குக் கிடைக்கும் வேகம் அதில் தெரியும். வைஃபை குழப்பம் வராமல் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று சோதியுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் திகதி, நேரம், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், இறக்கம், ஏற்றம் ஆறையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஏற்றத்தை விடாதீர்கள்: டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது, உங்கள் போன் 0.2 வாட்டில்தான் திரும்பப் பேசுகிறது. ஆகவே தூரத்து வீட்டில் முதலில் விழுவது ஏற்றம்தான். வீடியோ ஓடியும் குரல் செய்தி போகாமல் நிற்பது அதனால்தான். இந்தப் பதிவோடு முதலில் கம்பனிக்கு முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அந்த இலக்கத்தையும் கொப்பியின் படத்தையும் இணைத்து இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஒரே லயத்திலிருந்து ஐந்தாறு வீட்டார் ஒரே வாரத்தில் எழுதினால் கோளாறு ஒரு வீட்டில் இல்லை, டவரில்தான் என்பதை மறுப்பது கடினம்.