அமுக்கரா, தூக்கம், தைராய்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாகச் சரியான உறக்கமில்லை. தோழி சொன்னதால் அஸ்வகந்தா மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். அதைப் பாலில் சாப்பிடுவதா, வெந்நீரிலா? எந்த நிறுவனத்தின் மாத்திரை நல்லது? தைராய்டுச் சுரப்பு குறைவாக இருப்பதால் அதற்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். இது மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உறக்கமில்லாத இரவு எவ்வளவு நீளமானது என்பதை அறிவேன்; உங்கள் தவிப்பை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பாலா வெந்நீரா என்பதும் எந்த நிறுவனம் என்பதும் இப்போது முக்கியமல்ல. உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கோபப்படுத்தியது.

நீங்கள் சாப்பிடும் அஸ்வகந்தா நம் அமுக்கராதான். என் பெரியப்பா தக்கலைப் பக்கத்தில் சித்த வைத்தியம் பார்த்தவர். பானையில் பாலை ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி, அதன்மேல் அமுக்கராக் கிழங்குப் பொடியைப் பரப்பிப் பிட்டு அவிப்பதுபோல் ஆவியில் அவிப்பார். பிறகு உலர்த்தி இடித்துச் சூரணத்தில் சேர்ப்பார். கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்காக ஏறும். அதைக் கொடுப்பதற்கு முன் பசி, மலம், உறக்கம், வேறு மருந்துகள் என எல்லாவற்றையும் கேட்பார். கருவுற்ற பெண்களுக்குத் தரமாட்டார். சிலரை ஒன்றும் கொடுக்காமலே திருப்பி அனுப்புவார். கொடுத்தாலும் ஒரு மண்டலத்துக்குமேல் தொடரவிடமாட்டார். இத்தனை கேள்வி கேட்டுக் கொடுக்கப்பட்ட மருந்தை, யாரும் யாரிடமும் கேட்காமல் தின்னும் பண்டமாக நாம் ஆக்கிவிட்டோம். மரபு மருந்து என்று சொல்லிக்கொண்டே மரபின் முதல் விதியைக் கைவிட்டோம்.

அமுக்கராவால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. ஐதராபாத்தில் 64 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், வேர்ச்சாறு 300 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை 60 நாட்கள் எடுத்தவர்களுக்கு மன அழுத்தமும், அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவும் மருந்தில்லா வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைந்தன. உறக்கம் ஓரளவு மேம்படுவதாக வேறு சில சிறிய ஆய்வுகளும் கூறுகின்றன. ஆனால் இவை செறிவூட்டிய சாற்றைக் கொண்டு, சில வாரங்களே நடந்தவை. ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் விடையில்லை.

இனி உங்கள் தைராய்டு. தைராய்டுச் சுரப்பு லேசாகக் குறைந்திருந்த 50 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், இதே வேர்ச்சாற்றை நாளுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு எட்டு வாரத்தில் தைராய்டு ஹார்மோன் உயர்ந்தது. நீங்களோ அதே ஹார்மோனை ஏற்கெனவே மாத்திரையாக எடுத்துக்கொள்கிறீர்கள். அது உடலில் மிகுந்தால் படபடப்பு வரும், கை நடுங்கும், உறக்கம் போகும். உறக்கத்துக்காக வாங்கிய மாத்திரையே உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இது தெரியாத மருத்துவர் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை வைத்து எப்படிச் சரியான முடிவெடுப்பார்? மூலிகைதானே என்று எண்ணி நீங்கள் அவரிடம் மறைத்திருப்பது, அவர் கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்வதாகும். படித்தவர் நீங்கள், இதைச் செய்யலாமா?

ஈரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரைகளை எடுத்தவர்களில் ஐவருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் பதிவுசெய்தனர். இது அரிதாகவே நேர்கிறது. ஆனாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடல் அரிப்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்காதீர்கள்.

அஸ்வகந்தாவை இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். குப்பியையும் கையோடு கொண்டுபோய், எந்த நாளிலிருந்து எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தைராய்டு, ஈரல் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். அதன் பிறகும் சூரணம் வேண்டுமென்றால், முறையாகப் படித்த சித்த மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அவரிடமும் தைராய்டைச் சொல்லுங்கள்.

அன்புடன்.