பைப் ஃபிட்டர் வேலைக்கு 6ஜி சான்றிதழ் வேண்டுமா?

வேண்டாம். 6ஜி என்பது சாய்வாக நிறுத்திய பைப்பை வெல்டிங் செய்து காட்டும், வெல்டருக்கான தேர்வு. நீங்கள் ஐடிஐ ஃபிட்டர் இரண்டு வருடம் முடித்து என்டிசி (தேசிய தொழிற்சான்றிதழ்) வைத்திருந்தால், அதற்கு மேல் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர் பயிற்சி) முடித்து என்ஏசி (அதற்கான தேசிய சான்றிதழ்) வாங்குவதுதான் அடுத்த படி.

வளைகுடா வேலைக்கான டிரேட் டெஸ்டில் (வேலைத்திறன் தேர்வில்) ஃபெயில் ஆக்கிவிட்டார்கள் என்றால், ஐசோமெட்ரிக் டிராயிங் (பைப் போகும் வழியை முப்பரிமாணத்தில் காட்டும் வரைபடம்) காரணமாக இருக்கலாம். ஐடிஐயில் ஃபைலிங்கில் (அரத்தால்) தேய்த்த அளவுக்கு அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

டிராயிங்கைப் பார்த்துப் போடும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 4 இஞ்ச் பைப், 45 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு) இரண்டு, ஆஃப்செட் (பைப் பக்கவாட்டில் விலகும் தூரம்) 300 மி.மீ. இரண்டு எல்போவுக்கும் இடையிலான நடுத்துண்டு எவ்வளவு? 45 டிகிரிக்கு ஆஃப்செட்டை 1.414-ஆல் பெருக்க வேண்டும்: 300 × 1.414 = 424. ஒவ்வொரு எல்போவுக்கும் அதன் மையத்திலிருந்து முனை வரையான 64 மி.மீ. வீதம் கழித்தால் 296. அப்புறம் இரு முனையிலும் வெல்டிங் இடைவெளி 3 மி.மீ. போக 290. தாள் பார்க்காமல் வந்தால் சரி.

ஒன்று மட்டும்: 64 என்பது 4 இஞ்ச் எல்போவுக்குத்தான், சைஸ் மாறினால் அதுவும் மாறும்.