பேட்டை இறுக்கிப் பிடித்தால் பந்து தூரம் போகுமா?

கேள்வி: இரண்டு வருடமாக பேஸ்பால் ஆடுகிறேன். வேகமான பந்தை அடிக்கும்போது பேட் கையில் அதிர்ந்து பின்னால் தள்ளப்படுவது போல இருக்கிறது. முன்கையில் பலம் போதவில்லை என்று நினைத்து, தினமும் இரவில் ஸ்பிரிங் கிரிப்பரை 200 முறை அழுத்துகிறேன். இரண்டு மாதமாகியும் அடியின் தூரம் கூடவில்லை. முழங்கையின் உள்பக்கம் வலி வேறு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த கிரிப்பரை இரண்டு வாரம் எடுத்து உள்ளே வையுங்கள். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளில் பல, முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. தினமும் 200 முறை அழுத்தினால் அந்த இடத்துத் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நாருக்கு) ஓய்வே கிடைக்காது. தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பந்தும் பேட்டும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அடியின் அதிர்வு கைப்பிடிக்குப் போய்த் திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. அதனால், அந்தக் கணத்தில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பந்தின் வேகம் ஏறக்குறைய மாறாது. இலினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். பேட் தள்ளப்படுவது போல உங்களுக்குத் தோன்றுவதற்கு, பந்து சரியான இடத்தில் படாததோ நீங்கள் தாமதமாகச் சுழற்றுவதோதான் பெரும்பாலும் காரணம். பேட்டின் முனையிலிருந்து சுமார் 6 அங்குலம் உள்ளே பந்து பட்டால் கையில் அதிர்வே தெரியாது. பேட்டின் வேகம் பெரும்பாலும் கால், இடுப்பு, உடம்பின் திருப்பத்திலிருந்து வருகிறது.

அப்படியென்றால் முன்கைப் பயிற்சி வீணா? இல்லவே இல்லை. வேகமாகச் சுழலும் பேட் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும்; அதைப் பிடித்து நிறுத்துவது முன்கைதான். மோசமான பந்துக்குப் பாதியில் ஸ்விங்கை நிறுத்தவும், கடைசி நொடியில் பேட்டின் தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் அதே பலம் வேண்டும். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரனின் மணிக்கட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 755 ஹோம் ரன் அடித்தவர், பெரிய உடம்புக்காரர் அல்ல. பந்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பியதைத்தான் எல்லோரும் வியந்தார்கள். நமக்கு வேண்டியதும் அந்தக் கட்டுப்பாடுதான்.

அதற்கு மிக நல்ல கருவி உங்கள் பேட்தான். வலி அடங்கிய பிறகு இப்படிச் செய்து பாருங்கள். நின்றபடி கையைத் தொங்கவிட்டு, பேட்டை ஒரு கையால் பிடித்து, அதன் தலை முன்னால் பார்க்கும்படி வையுங்கள். முழங்கையை மடக்காமல், மணிக்கட்டால் மட்டும் தலையை மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள். அடுத்து தலையைப் பின்பக்கம் திருப்பி, அதேபோலத் தூக்குங்கள். மூன்றாவதாக, முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 பாகை மடக்கி, பேட்டைச் செங்குத்தாகப் பிடித்து, அதை இடமும் வலமும் சாய்த்து நிமிர்த்துங்கள். பந்தை அடிக்கும் நேரத்தில் மேல்கையின் (கைப்பிடியில் மேலே இருக்கும் கையின்) உள்ளங்கை வானத்தையும் கீழ்கையின் (குமிழ்ப் பக்கம் இருக்கும் கையின்) உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்கான தசைகளுக்குத்தான் இது. பாரம் அதிகமாகத் தெரிந்தால் கையைப் பேட்டின் தலைப்பக்கமாக நகர்த்திப் பிடியுங்கள், கைப்பிடியின் அடிக்குப் போகப்போகக் கனம் கூடும். ஒவ்வொன்றும் 10 முறை, 2 சுற்று போதும். இறக்கும்போது அவசரப்படாதீர்கள்.

இதோடு இரண்டு கையிலும் கனமான டம்பல் பிடித்து 30 விநாடி நடப்பதும், கம்பியில் 20 முதல் 30 விநாடி தொங்குவதும் சேர்த்தால் பிடி வலுப்படும். விரல்களை விரிக்கும் தசைகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு வாளி அரிசியில் கையைப் புதைத்து, விரல்களை விரித்து விரித்து மூடுங்கள். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பல காலமாகச் செய்வது இது. மடக்கும் பக்கம் மட்டும் பலமாகி விரிக்கும் பக்கம் சோர்ந்திருந்தால் முழங்கைதான் அடிபடும்.

எல்லாமே வாரத்தில் 2 நாள், பேட்டிங் பயிற்சி முடிந்த பிறகு மட்டும். முன்கை களைத்திருக்கும்போது பேட் பிடித்தால் ஸ்விங் கெட்டுப்போகும். ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம்.

பிடிக்கும் விதத்தையும் ஒருமுறை பாருங்கள். பேட் உள்ளங்கையின் ஆழத்தில் இல்லாமல் விரல்களின் அடியில் இருக்கட்டும். பந்து வரும்வரை இறுக்கவே வேண்டாம். சுழற்றத் தொடங்கியதும் கை தானாக இறுகிவிடும். முன்கூட்டியே இறுக்கினால் மணிக்கட்டு விறைத்து பேட் மெதுவாகிவிடும்.

இன்னொன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கீழ்கையில், சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஹேமேட் என்ற சின்ன எலும்பு இருக்கிறது. கைப்பிடியின் குமிழ் அங்கே குத்திக்கொண்டே இருந்தால் அதன் கொக்கி போன்ற பகுதி முறியலாம். சாதாரண எக்ஸ்ரேயில் இது சில சமயம் தெரியாமல் போகும். அந்த இடத்தில் வலி வந்தால் டாக்டரிடம் பேட் பிடிப்பவர் என்று சொல்லுங்கள், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

கிரிப்பரை மறுபடி எடுக்கலாமா என்றால், வலி முழுதாகப் போன பிறகு எடுக்கலாம். ஆனால் 200 முறை வேண்டாம். கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்காக வாங்கி, வாரம் 2 நாள், 8 முறை வீதம் 3 சுற்று.