ஓவர்கிளாக் செய்தபின் அணைந்துபோன கணினி: எரிந்தது கார்டுதானா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். காரைக்குடியில் பொறியியல் படிக்கும் அவருடைய மகன், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டை ஒரு மென்பொருளின் உதவியால் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டி, விளையாடிக்கொண்டிருந்தபோது திரை இருண்டு கணினி அணைந்துவிட்டது. இப்போது பொத்தானை அழுத்தினால் விசிறிகள் ஒரு நொடி சுழன்று நின்றுவிடுகின்றன. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்து, கார்டின் சிப் எரிந்துவிட்டது என்றும், சென்னைக்கு அனுப்பி ரீபால் செய்ய, அதாவது சிப்பைக் கழற்றி மறுபடி பற்றவைக்க, 9,000 ரூபாய் ஆகும் என்றும், கணினியை முழுதாகக் கொடுத்துவிடும்படியும் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா, மகன்தான் அதை எரித்துவிட்டானா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். உங்கள் மகன் எரித்துவிட்டான் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். மகன் மாற்றிய வேக அளவு கார்டுக்குள் எழுதப்படுவதில்லை. விண்டோஸ் திறந்து அந்த மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது கார்டுக்குச் சொல்லப்படுகிறது. விண்டோஸ் வரைக்கும் போகாமல் ஒரு நொடியில் நின்றுவிடும் கணினியில் அந்த அளவு நடப்பில் இல்லை. இக்காலக் கார்டுகள், சூடு எல்லையைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்குச் செல்லும் வோல்ட்டேஜுக்கும் நிறுவனமே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே நான் முதலில் சந்தேகப்படுவது கார்டை அன்று, அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கேபினெட்டோடு சேர்த்து மலிவாகத் தரப்படும் எஸ்எம்பிஎஸ்களில் பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்பதை. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கக் கிடைக்கும் 216 வாட்தான் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து உண்மையில் கிடைப்பது. உங்கள் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். பிராசஸருக்கு 65 வாட் என்று வைத்தாலும் கூட்டுத்தொகை 235. அப்படியானால் ஓவர்கிளாக் செய்யாமலேயே பற்றாக்குறை இருந்திருக்கிறது. செய்ததும் அது வெளிப்பட்டுவிட்டது. இந்தக் கார்டுக்கு அதன் நிறுவனம் பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கணினியைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கார்டில் ஆயிரக்கணக்கில் செலவழித்தவரிடம் எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் எனக்கு என்றுமே பொறுக்காத ஒன்று.

இனி நீங்களே செய்யக்கூடியவை. சுவரில் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கி, கணினியின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அதிகச் சுமையால் தன்னைப் பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ் சில சமயம் இதிலேயே விடுபடும். அடுத்து, யூபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் ஒதுக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்டுக்கு மேல் தாங்காது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் முகப்பிலிருக்கும் மீட்டரிலிருந்து இரண்டாம் கட்டு வரை பல பத்தாண்டுகளுக்கு முன் இழுத்த ஒயர்தான் இன்னும் ஓடுகிறது. எர்த் இல்லாத இரண்டு துளைப் பிளக்குகளும் அங்கே உண்டு. கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இருந்தால் எர்த் இல்லை என்று பொருள். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை முதலில் அழையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால், மீண்டும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, கார்டுக்குப் போகும் மின்வயரைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள கொக்கியை அழுத்திக் கார்டை வெளியே எடுங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டின் பின்புறத் துளையில் செருகி இயக்குங்கள். கணினி நின்றுவிடாமல் ஓடி, திரையும் வந்தால், மதர்போர்டும் பிராசஸரும் ரேமும் நலமாக இருக்கின்றன. பழுது கார்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருக்கிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதை அறியாமல் நல்ல மதர்போர்டுகளைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா பிராசஸருக்கும் தானே படம் காட்டும் திறன் கிடையாது. இன்டெல் ஐ5 12400 என்றால் திரை வரும். ஐ5 12400எஃப் என்றால் வராது. எண்ணுக்குப் பின்னால் வரும் அந்த ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி-யில் படம் வரும், வெறும் 5600-இல் வராது. பில்லிலோ பெட்டியிலோ முழு எண்ணைப் பாருங்கள். உங்களுடையது படம் காட்டாத வகை என்றால், கார்டு இல்லாமல் திரை இருட்டாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு மதர்போர்டு போய்விட்டது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அப்போது விசிறிகள் நிற்காமல் சுழல்கின்றனவா என்பதை மட்டும் கவனியுங்கள். மதர்போர்டில் சிறு விளக்குகள் இருந்தால், விஜிஏ என்ற விளக்கு மட்டும் எரிந்து நிற்கும். அதற்குப் பொருள் கார்டைக் காணோம் என்பதே. கார்டைக் கழற்றியது நீங்கள்தான்.

கார்டு இல்லாமல் ஓடுகிறது என்றால், 12 வோல்ட் வரி போதுமானதாக உள்ள ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை நண்பரிடமோ கடையிலோ இரவல் வாங்கி, கார்டைத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். ஓடினால் பழுது கார்டில் இல்லை. விண்டோஸ் வந்தவுடன் அந்த மென்பொருளை நீக்கிவிடச் சொல்லுங்கள்; திறக்கும்போதே திரை உறைந்தால், அடிப்படைப் பகுதிகளை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து நீக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஒரு நொடியில் நின்றால்தான் கார்டில் ஷார்ட் என்று ஏற்றுக்கொள்ளலாம்.

அப்போதும் ரீபால் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். சிப்பைக் கார்டோடு இணைக்க அதன் அடியிலுள்ள சிறு சால்டர் உருண்டைகளை மாற்றும் வேலை அது. ஷார்ட்டுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கார்டின் மின்பகுதியிலுள்ள மாஸ்ஃபெட், கெப்பாசிட்டர் போன்ற சிறு பாகங்களில் ஒன்று. அதை மீட்டர் வைத்து அளந்து காட்டாமல் சிப் என்று சொல்பவர் அளக்கவே இல்லை. ஹீட் கன்னால் சூடேற்றிச் சில வாரம் ஓடவைத்துத் தருபவர்களும் உண்டு. கடையில் கொடுத்தாக வேண்டும் என்றால் கார்டை மட்டும் கொடுங்கள், அதிலுள்ள சீரியல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு, அந்த எண்ணையே ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு. முழுக் கணினி போனால் ரேம் மாறி வருவதைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை.

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பில்லைப் பாருங்கள். இருந்தால் யாரும் கார்டைத் திறக்கக் கூடாது. மூன்றாண்டு வாரண்டி என்று பெட்டியில் அச்சிடுகிறவர்கள், கார்டைப் பெற்றுக்கொள்ள மட்டும் நம்மை மதுரைக்கோ திருச்சிக்கோ அலையவிடுகிறார்கள். கார்டை ஒப்படைத்ததற்கான ஒரு ரசீதுக்காக ஒரு நாள் கூலியைத் தொலைக்க வேண்டியிருப்பது அநியாயம். காரணம் எழுதித் தராமல் வாரண்டியை மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

வந்து பார்த்த அந்தத் தெரிந்தவரிடம் கார்டு ஏற்கெனவே போயிருந்தால் இன்றே திரும்ப வாங்கி, சீரியல் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எஸ்எம்பிஎஸ் சோதனையைத் தொடங்குங்கள்.