பந்து நம்மிடம், கோல் அவர்களுக்கு: ஃபுட்பால் மேனேஜர் கேள்வி-பதில்

ஃபுட்பால் மேனேஜர், கால்பந்து அணி ஒன்றை நாமே நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கேம். அதை ஆடுகிறவர்களிடமிருந்து இந்த முறை சேர்ந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "நன்றாகத்தான் ஆடுகிறோம், ஆனால் தோற்கிறோம்." அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரோல்களின் (ஒவ்வொரு வீரருக்கும் கொடுக்கும் வேலையின்) பெயர்களை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறேன். திரையில் தேடும்போது குழப்பம் வேண்டாமே.

4-2-3-1 ஃபார்மேஷன் (பின்னாலிருந்து முன்னால் வரை வீரர்களை நிறுத்தும் வரிசை) ஆடுகிறேன். ஒவ்வொரு மேட்ச்சிலும் 65 சதவீத நேரம் பந்து எங்களிடம். இருபது ஷாட் அடிக்கிறோம். எதிரணி இரண்டே முறை வருகிறது, ஒரு கோல் போட்டுவிட்டுப் போகிறது. கேம் என்னை ஏமாற்றுகிறதா?

கேம் ஏமாற்றவில்லை. அந்த 'இருபது' என்ற எண்தான் ஏமாற்றுகிறது. மேட்ச் முடிந்ததும் எக்ஸ்ஜி கணக்கை, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கைப் பாருங்கள். இருபது ஷாட்டுக்கும் சேர்த்து 1.0 என்றிருந்தால் ஒரு ஷாட்டின் மதிப்பு 0.05. அந்த மாதிரி இருபது அடித்தால் ஒன்று உள்ளே போகலாம் என்று அர்த்தம். ஒரு பெனால்டியின் மதிப்பு முக்கால் கோலுக்குச் சற்று மேல். எதிரணி கோல்கீப்பரோடு தனியாக மாட்டிய இரண்டு வாய்ப்பும் தலா 0.4 என்றால், அவர்களுடைய கணக்கு 0.8. ஆக, நீங்கள் ஆதிக்கம் செலுத்தியதாக நினைத்த மேட்ச், உண்மையில் கிட்டத்தட்ட சமம்.

சரி, ஷாட் ஏன் சொத்தையாக இருக்கிறது? நீங்கள் அனுப்பிய ரோல்களைப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் டீப்-லையிங் ஃபார்வர்ட். பந்து வாங்கக் கீழே இறங்கி வருவார். அவருக்குப் பின்னால் அட்வான்ஸ்டு பிளேமேக்கர். பந்தைக் காலில் கேட்பவர். இரண்டு பக்கமும் இன்வெர்டட் விங்கர், உள்ளே வருவார்கள். நான்கு பேரும் பந்தை நோக்கி வந்தால், எதிரணியின் டிஃபென்ஸ் வரிசையைப் பின்னால் இழுத்துப் போக ஆளே இல்லை. அவர்கள் பாக்ஸ் வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள், உங்கள் ஆட்கள் முப்பது கஜத்திலிருந்து சுடுகிறார்கள். ஒரே ஒருவரையாவது டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓட விடுங்கள். ஒரு விங்கரை இன்சைட் ஃபார்வர்டாக மாற்றினாலே போதும். ஸ்ட்ரைக்கர் இறங்கி வரும்போது எதிரணியின் சென்டர்பேக் (நடு டிஃபென்டர்) ஒருவர் பின்தொடர்வார். அவர் விட்டுப்போகும் இடத்தில் இந்த விங்கர் புகுவார்.

'ஒர்க் பால் இன்டு பாக்ஸ்' (பாக்ஸுக்குள் போகும் வரை பந்தைக் கடத்து என்ற கட்டளை) டிக் செய்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தூரத்து ஷாட் குறையும், உண்மைதான். ஓட ஆளில்லாத அணியில் அதைப் போட்டால், பந்தைப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். அதை இரண்டாவது மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கும் கோல். பந்து பறிபோகும் நொடியில் மேட்ச்சை நிறுத்தி, பந்துக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கோல்கீப்பரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குறைந்தது நாலு பேர், முடிந்தால் ஐந்து பேர் வேண்டும். உங்களிடம் இரண்டு ஃபுல்பேக்கும் (ஓரத்து டிஃபென்டர்கள்) ஒரே நேரத்தில் மேலே போகிறார்கள், இரண்டு மிட்ஃபீல்டர்களில் ஒருவர் பாக்ஸ்-டு-பாக்ஸ், இன்னொருவர் பால்-வின்னிங். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்துப் பாதுகாப்பானவர் என்று நம்பிவிடுகிறோம். அவர் பந்து எங்கே போனாலும் துரத்திக்கொண்டு ஓடுகிறவர். காவலுக்கு வைத்த ஆள் திருடனைத் துரத்திப் போனால் வாசல் திறந்துதானே கிடக்கும்? அந்த இடத்தில் இடத்தை விட்டு நகராத நிதானமான மிட்ஃபீல்டரை நிறுத்துங்கள். ஒரு பக்க ஃபுல்பேக்கையும் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். வேறு எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

எந்த ஃபார்மேஷன் பெஸ்ட்?

உங்கள் அணியின் சிறந்த பதினோரு பேரில் அதிகம் பேர் அவரவர் சொந்த இடத்தில் நிற்கக்கூடியது.

இணையத்திலிருந்து இறக்கிய டாக்டிக் (ஆட்டத் திட்டம்) ஒன்று முதல் சீசனில் பிய்த்து உதறியது. இரண்டாவது சீசனில் எட்டு மேட்ச், இரண்டே வெற்றி. டாக்டிக் கெட்டுப்போகுமா?

டாக்டிக் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் அணி பெரிதாகிவிட்டது. முதல் சீசனில் உங்களைக் கத்துக்குட்டி என்று நினைத்து எதிரணிகள் தைரியமாக மேலேறி வந்தன. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் நீங்கள் ஓடினீர்கள். இப்போது அணியின் பெயர் ஏறியிருக்கிறது. வருகிறவர்கள் டிரா எடுத்தாலே லாபம் என்று பின்வாங்கி நிற்கிறார்கள். ஓட இடமே இல்லை.

நிஜ கால்பந்திலும் இதுதான் கதை. 2015-16ல் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி, அந்த லீக்கிலேயே பந்தை மிகக் குறைவாக வைத்திருந்த அணிகளில் ஒன்று. பின்னால் காத்திருந்து, பந்து கிடைத்ததும் ஜேமி வார்டியின் ஓட்டத்தை நம்பி அடித்தார்கள். அடுத்த சீசனில் 12வது இடம். மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே செல்சிக்குப் போனது உட்படக் காரணங்கள் பல. ஆனால் சாம்பியனை எதிர்த்து யாரும் அசட்டையாக மேலேறி வர மாட்டார்கள் என்பதும் அதில் சேரும்.

பழைய டாக்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று டாக்டிக் வரை அணிக்குப் பழக்க இடமிருக்கிறது. முதலாவது அப்படியே இருக்கட்டும். பெரிய அணிகளோடு, வெளி மைதானங்களில் அது இன்னும் வேலை செய்யும். இரண்டாவதாக, அதே ஃபார்மேஷனில், பந்தை வைத்துப் பொறுமையாக உடைக்கும் வடிவம் ஒன்றைச் செய்யுங்கள். ஃபார்மேஷனையே மாற்றினால் பழகும் காலம் கூடும்.

மாற்றம் செய்த பிறகு எத்தனை மேட்ச் பொறுக்க வேண்டும்?

சின்ன ரோல் மாற்றம் என்றால் மூன்று மேட்ச். ஃபார்மேஷன், பிரஸ்ஸிங் (பந்து வைத்திருப்பவரை நெருக்குவது) என்று பெரிதாக மாற்றினால், அணிக்கு டாக்டிக் எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் டாக்டிகல் ஃபெமிலியாரிட்டி பட்டைகள் நிரம்பும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள். அதற்குச் சரியான காலம் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள். ஒரு தோல்விக்கு ஐந்து ஸ்லைடரை நகர்த்துகிறவர், அடுத்த மேட்ச் ஜெயித்தாலும் எதனால் ஜெயித்தோம் என்று தெரியாமல் நிற்பார். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாம் டிவிஷன் அணி. கேகன்பிரஸ் (பந்து பறிபோன நொடியே எல்லோரும் துரத்திப் பிடிப்பது) போட்டிருக்கிறேன். 60வது நிமிடத்தில் எல்லோர் இதயக் குறியும் ஆரஞ்சு, அதாவது களைப்பு. கடைசி அரை மணியில்தான் கோல் வாங்குகிறோம்.

பதிலும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஸ்டாமினா, ஒர்க் ரேட், டீம்ஒர்க் மூன்றும் இருபதுக்கு எட்டு, ஒன்பது என்றிருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் துரத்தச் சொல்கிறீர்கள். இங்கே வேகத்தைவிட முக்கியமானது, எல்லோரும் சேர்ந்து நகர்வது. அரிகோ சாக்கியின் மிலான் அணி 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கடைசி டிஃபென்டரிலிருந்து ஸ்ட்ரைக்கர் வரை 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த கணக்கு. இடைவெளி சின்னதாக இருந்தால் ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரமும் சின்னதாகும்.

உங்கள் அமைப்பில் லைன் ஆஃப் எங்கேஜ்மென்ட் (எதிரணியை நெருக்கத் தொடங்கும் இடம்) உச்சத்தில் இருக்கிறது. சென்டர்பேக்குகள் மெதுவானவர்கள் என்று பயந்து டிஃபென்ஸ் லைனை மட்டும் கீழே வைத்திருக்கிறீர்கள். முன்னால் மூன்று பேர் துரத்துகிறார்கள், பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், நடுவில் எதிரணி நிதானமாகப் பந்து ஆடுகிறது. அந்தப் பெரிய இடைவெளியை மூட ஓடி ஓடியே மிட்ஃபீல்டர்கள் சாகிறார்கள். இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பந்து போனதும் பாய்வதற்குப் பதில் 'ரீகுரூப்' (பின்வாங்கி வரிசை கட்டு) கொடுங்கள். எதிரணியில் பந்தாடத் தெரியாத ஒரு ஃபுல்பேக் இருப்பார். அவர் மேல் மட்டும் ஆப்பொசிஷன் இன்ஸ்ட்ரக்‌ஷன் வழியாகப் பிரஸ் போடுங்கள். அப்புறம் ஐந்து மாற்று வீரர்கள் அனுமதிக்கப்படும் லீக் என்றால் ஐந்தையும் பயன்படுத்துங்கள். 60வது நிமிடத்தில் இரண்டு விங்கரையும் மாற்றுவதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

ஃபால்ஸ் நைன் (முன்னால் நிற்காமல் கீழே இறங்கி ஆடும் ஸ்ட்ரைக்கர்) வைத்தேன். 14 மேட்ச்சில் இரண்டு கோல். இந்த ரோல் வெறும் ஃபேஷன்தானா?

ஃபேஷன் என்றால் மிகப் பழைய ஃபேஷன். 1953 நவம்பர் 25ல் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்ட் ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் கீழே இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து போவதா, இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் சென்டர்ஹாஃபுக்கு (நடு டிஃபென்டருக்கு) கடைசி வரை பிடிபடவில்லை. ஹிடெக்குட்டிக்கு அன்று மூன்று கோல். 2009 மே 2ல் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் பார்சிலோனா 6-2 என்று ஜெயித்தபோது மெஸ்ஸி செய்ததும் இதே வேலை. அவருக்கு இரண்டு, பக்கத்திலிருந்து ஓடி வந்த ஹென்றிக்கும் இரண்டு.

அந்த ஹென்றியைக் கவனியுங்கள். நடுவில் ஒருவர் இறங்கும்போது பக்கத்திலிருந்து ஒருவர் புகுந்தால்தான் டிஃபென்டருக்குத் தலைவலி. உங்கள் இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டி நின்று கிராஸ் போடும் விங்கர்கள். கிராஸ் வரும்போது பாக்ஸில் யார் இருக்கிறார்? யாரும் இல்லை, ஸ்ட்ரைக்கர் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். விங்கர்களை மாற்றுங்கள், இல்லையென்றால் ஃபால்ஸ் நைனை மாற்றுங்கள். இரண்டும் ஒரே அணியில் ஒத்துவராது. அப்புறம், இந்த ரோலுக்கு ஸ்ட்ரைக்கரின் கோலை மட்டும் எண்ணாதீர்கள். சுற்றி இருக்கும் மூன்று பேரின் கோலையும் சேர்த்து எண்ணுங்கள்.

1-0 முன்னிலை. 80வது நிமிடத்தில் மென்டாலிட்டியை (அணியின் ஆட்ட மனநிலையை) வெரி டிஃபென்சிவ் என்று போடுகிறேன். 88ல் கோல் வாங்குகிறேன். தவறாமல்.

மென்டாலிட்டியைக் கடைசிப் படிக்கு இறக்கினால் டிஃபென்ஸ் வரிசை, டெம்போ, பாஸில் எடுக்கும் ரிஸ்க் எல்லாம் கூடவே இறங்கும். பந்தைப் பிடித்ததும் வெளியே அடிப்பார்கள், அது உடனே திரும்பி வரும். பத்து நிமிடத்தில் பத்து கிராஸ் வந்தால் ஒன்றாவது தலையில் படாதா? அதற்கு மேலே இருக்கும் காஷியஸ் வரை இறங்கினால் போதும். நேரம் கடத்துவதைக் கூட்டுங்கள். களைத்த ஸ்ட்ரைக்கருக்குப் பதில் வேகமான ஒருவரை இறக்குங்கள். பின்னால் ஓட ஒருவன் நிற்கிறான் என்றால் எதிரணியின் இரண்டு சென்டர்பேக்கும் மேலே வரத் தயங்குவார்கள்.

2026 பதிப்பில் பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாமே. 3-2-5ல் தாக்கி 4-4-2ல் தடுக்கிறேன். காகிதத்தில் அழகு, மைதானத்தில் குழப்பம்.

இந்த வசதி வந்த பிறகு எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. எனக்கும்தான். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வீரரும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பாருங்கள். உங்கள் இடது ஃபுல்பேக் தாக்கும்போது முன்வரிசையில் நிற்கிறார், தடுக்கும்போது டிஃபென்ஸில். பந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் அரை மைதானம் ஓடித் திரும்ப வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கம் கோல் விழுந்துவிடுகிறது. முன்வரிசையின் இடது முனையை இடது விங்கருக்கே கொடுங்கள். ஃபுல்பேக் அந்த மூன்று பேர் வரிசையில் இடது ஆளாக நிற்கட்டும், வலது ஃபுல்பேக் மட்டும் மேலே போகட்டும். இருவர் இடம் மாறினால் அணி தாங்கும், ஐந்து பேர் மாறினால் தாங்காது.

கார்னரில் ஒரு கோலும் வருவதில்லை. என் சென்டர்பேக் 195 சென்டிமீட்டர் உயரம்!

உயரத்தைப் பார்க்காதீர்கள், ஜம்பிங் ரீச் (குதித்து எட்டும் திறன்) எவ்வளவு என்று பாருங்கள். கூடவே ஹெடிங், பிரேவரி. அப்புறம் பந்தை உதைப்பவரின் கார்னர்ஸ் மதிப்பெண் இருபதுக்கு ஏழு என்றால் யார் குதித்தும் பயனில்லை.

தோற்றதும், சேமித்து வைத்த கேமை (சேவ்) மறுபடி லோட் செய்து ஆடுவது தப்பா?

உங்கள் சேவ், உங்கள் இஷ்டம். ஆனால் அடுத்த முறை லோட் செய்தால், டாக்டிக்கில் எதையும் மாற்றாமல் அதே மேட்ச்சை மூன்று முறை ஆடிப் பாருங்கள். ஒருமுறை 3-0 ஜெயிப்பீர்கள், ஒருமுறை டிரா, ஒருமுறை 1-2. அதற்குப் பிறகு, முதலில் தோற்ற மேட்ச்சுக்காக நீங்கள் மாற்றத் துடித்த அந்த ஐந்து ஸ்லைடரும் என்ன பாவம் செய்தன என்று எனக்கு எழுதுங்கள்.