மாடி உயர மனை சுருங்கும்: அடுக்குமாடிக் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் இருபது மாடி என்பது இப்போது யாரும் நின்று பார்க்கிற உயரம் இல்லை. வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்த காலம் போய், உள்ளே குடியேறிய பிறகு கவலைப்படுகிற காலம் வந்துவிட்டது என்று தெரிகிறது. கட்டமைப்புப் பொறியாளனாக எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

புயல் இரவில் எங்கள் 27ஆம் மாடி வீட்டின் தொங்கும் விளக்கு மெல்ல ஆடியது. கட்டடத்தில் கோளாறா? (பெரம்பூர் வாசகி)

ஆடாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். உயரமான எந்தக் கட்டடமும் காற்றில் வளைந்து நிமிரும். காங்கிரீட் கட்டடம் உச்சியில் தன் உயரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் பக்கவாட்டில் நகரக் கூடாது என்பது இந்தியத் தர விதி. உங்கள் கட்டடம் 90 மீட்டர் என்றால் 18 சென்டிமீட்டர் வரை அனுமதி. அதுவும் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் கடும் காற்றில்தான். சென்னைக்கு அந்த அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கட்டடத்தின் நடுவில் லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி நிற்கும் காங்கிரீட் சுவர்கள்தான் முதுகெலும்பு. அவை பெரும்பங்கு காற்றைத் தாங்கிக்கொள்ளும்.

உத்தரத்துக்கும் செங்கல் அல்லது பிளாக் சுவருக்கும் நடுவே மயிரிழை விரிசல் ஓடினால் அது பூச்சுவேலையின் சங்கதி. தூணிலோ உத்தரத்திலோ சாய்வாக விரிசல் ஓடினால், வெள்ளையடித்து மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்களாமே? பேரன் சிரிக்கிறான். (மயிலாப்பூர்)

சிரிக்கட்டும். 1959இல் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது சுமார் 177 அடி உயரத்தில் நின்ற அது, நாட்டிலேயே உயரமான கட்டடங்களின் வரிசையில் முதலில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே மும்பை முந்திக்கொண்டது. மும்பை ஒடுங்கிய தீவு, அகல முடியாமல் உயர்ந்தது. நமக்கு மேற்கேயும் தெற்கேயும் ஏரியும் வயலுமாக இடம் கிடந்ததால் பரவினோம். அந்த ஏரிகளில் பரவியதற்கான கணக்கை 2015 டிசம்பர் மழை தீர்த்துக்கொண்டது. இன்று பழைய ஆலை நிலங்களிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் எழும் நாற்பது மாடிகளுக்குப் பக்கத்தில் எல்.ஐ.சி. குட்டைதான். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிவந்த ஊரைக் காங்கிரீட் தூணை நம்ப வைத்தது அதுதான். பேரனிடம் இதைச் சொல்லுங்கள்.

1,200 சதுர அடி வீட்டுக்கு யு.டி.எஸ். 300 சதுர அடிக்கும் குறைவு என்கிறார்கள். ஏமாற்றா? (போரூர்)

ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு அப்படி. யு.டி.எஸ். என்பது மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு. எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், பழைய விதியில் சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 மடங்கு: 3,600 சதுர அடி. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. 18.3 மீட்டருக்கு மேல் போகும் உயர்மாடிக் கட்டடம் போதிய அகலமுள்ள சாலையில் இருந்தால் 3.25. சாலை அகலமாக இருந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தி அதற்கு மேல் இன்னும் பாதி வரை வாங்கலாம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1,200 சதுர அடியை 1.5ஆல் வகுத்தால் மனைப் பங்கு 800. 3.25ஆல் வகுத்தால் 370. கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யும் சேர்ந்தால் 250க்குக் கீழே. வரப்புயர நீர் உயரும் என்றார் ஔவை. இங்கே மாடி உயர மனை சுருங்கும். விற்பவர் சொல்லும் 1,200இல் தாழ்வாரம், லிஃப்ட், மன்றக்கூடம் எல்லாம் கலந்திருக்கும் என்பதால் எண் கொஞ்சம் முன்பின் ஆகும்.

என் சொந்தக் கருத்து: முப்பது மாடியில் வாங்குகிறவர் மனையை வாங்கவில்லை, கட்டடத்தை வாங்குகிறார். மனையின் மதிப்பு ஏறும், கட்டடத்தின் மதிப்பு இறங்கும். நாற்பது ஆண்டு கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது, நானூறு குடும்பங்களை ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். எட்டு வீட்டு அடுக்ககத்திலேயே மோட்டார் வாங்க மூன்று கூட்டம் நடக்கிறது.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாமா? (சிறுசேரி)

வேண்டாம். புதிய கோபுரங்கள் பலவற்றில் சுவரும் தளமும் அலுமினியப் பலகை அடைத்து ஒரே வார்ப்பாக ஊற்றப்படுகின்றன. வேலையிடத்தில் மைவான் என்பார்கள். அங்கே சுவர் என்பது அறையைப் பிரிக்கும் தடுப்பு இல்லை, தூணின் வேலையைச் செய்யும் காங்கிரீட். மேலே பதினைந்து வீட்டின் பாரம் அதன் வழியே இறங்கிக்கொண்டிருக்கலாம். பழைய அடுக்ககத்தில் பிளாக் சுவரை எடுத்த பழக்கத்தில் மேஸ்திரி சுத்தியலைத் தூக்கிவிடுவார். அப்படி ஒரு வீட்டை நேரில் பார்த்தேன். வாசலை அகலப்படுத்தியதில், அதற்கு மேல் வீட்டுக் குளியலறைக் கதவு சாத்த முடியாமல் போயிருந்தது. மின்குழாய் பதிக்க ஆழமாக வெட்டினாலும் உள்ளே கம்பி அறுபடும். கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கட்டட உச்சியில் இரவெல்லாம் சிவப்பு விளக்கு எதற்கு? (ஆலந்தூர், பள்ளி மாணவி)

விமானிகளுக்கு. உங்கள் பக்கத்தில் விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று இல்லாமல் கோபுரம் எழும்ப முடியாது. கிண்டி சுற்றுவட்டாரத்தில் கட்டடங்கள் ஓர் உயரத்தோடு நின்றுவிடுவதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே, சாலைக்கு அப்பால் 100 மீட்டர் கட்டடம் வருகிறது. மொட்டை மாடியில் வடாம் காயுமா? சோலார் போட்டிருக்கிறேன். (அண்ணா நகர்)

வடாம் காயும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் 21 வாக்கில் 100 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே 23 மீட்டரைத் தாண்டாது. ஏப்ரல் கடைசியில் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே. ஜூனில் நிழல் தெற்கே சாயும். ஆகவே பங்குனி, சித்திரையில் உங்களுக்குக் கேடில்லை.

குளிர்காலம் வேறு. டிசம்பர் 21 நண்பகலில் அதே நிழல் வடக்கே 74 மீட்டர் நீளும். உங்கள் வீடு 40 மீட்டர் தள்ளி இருந்தால், ஐப்பசிப் பிறப்பிலிருந்து மாசிப் பாதி வரை பகலில் ஒரு வேளை நிழல் வந்து போகும். சோலாரில் ஒரு பலகையில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். போட்டவரைக் கூப்பிட்டு வரிசையைப் பிரித்து இணைக்கச் சொல்லுங்கள். நிழலைக் காட்டிக் கட்டடத்தை நிறுத்த முடியாது.

தீப்பிடித்தால் தீயணைப்பு ஏணி எங்கள் 24ஆம் மாடிக்கு எட்டுமா? (பெரும்பாக்கம்)

ஏணியை நம்பி இவ்வளவு உயரம் கட்டுவதில்லை. கட்டடம் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர்த் தெளிப்பான், தனிப் படிக்கட்டு, உயரத்தில் இடையிடையே ஒதுங்கி நிற்கும் தளம். இந்த வாரமே உங்கள் படிக்கட்டைப் பாருங்கள். புகையைத் தடுக்கும் கதவைக் காற்றுக்காகப் பூந்தொட்டி முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். ஒதுங்கும் தளத்தில் பழைய கட்டிலும் சைக்கிளும் கிடக்கும். இரண்டையும் அகற்றிவிட்டு, ஒரு முறை படியிலேயே கீழே இறங்கிப் பாருங்கள்.

உயர்மாடிக்குச் சென்னையில் எந்தப் பகுதி மண் நல்லது? (வாசகர்கள் நால்வர்)

பகுதியைச் சொல்லிப் பயனில்லை. கிண்டி, தரமணிப் பக்கம் கருங்கல் பாறை அதிக ஆழத்தில் இல்லை. பள்ளிக்கரணையை ஒட்டி இளகிய களி. வடசென்னையில் மணலும் களியும் அடுக்கடுக்காக. ஆனால் ஒரே மனையின் இரு மூலைகளில் பாறை வெவ்வேறு ஆழத்தில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். களியிலும் உயரமாகக் கட்டலாம். பைலை, அதாவது அடித்தளத்துக்காக மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூணை, கெட்டியான அடுக்கு வரை இறக்க வேண்டும், செலவாகும், அவ்வளவுதான். ஆபத்து அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதில் இருக்கிறது.

2014 ஜூன் 28 மாலை மழையில் மௌலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்த் தொழிலாளிகள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் முடிந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே விற்பனை அலுவலகத்தில் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை இடத்தில் துளையிட்டார்கள், எவ்வளவு ஆழம், பாறையைத் தொட்டார்களா, பைலில் பாரச் சோதனை நடந்ததா, கட்டமைப்பு வடிவமைப்பை வெளியார் ஒருவர் சரிபார்த்தாரா. உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த பொறியாளரிடம் காட்டலாம். அறிக்கையைத் தர இழுத்தடித்தால் முன்பணக் காசோலையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.