பதில்: பழ ஈப் பொறி வைக்கச் சொன்னால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்பதில்லை (மா, கிருஷ்ணகிரி)

வணக்கம் நண்பரே. உங்கள் 3 ஏக்கர் மாந்தோப்பில் மட்டும் பழ ஈப் பொறி மாட்டி, பக்கத்துத் தோட்டக்காரர்கள் பொறி வைக்காமல் மருந்து மட்டும் அடித்தால் பலன் குறைவுதான். பொறிக்குள் வைக்கும் மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். ஏற்கனவே இணைசேர்ந்த பெண் ஈ அடுத்த தோப்பிலிருந்து பறந்து வந்து முட்டையிட்டுவிடும். "பொறிதான் ஈயைக் கூப்பிடுகிறது" என்ற பேச்சும் இப்படித்தான் கிளம்புகிறது.

ஆனால் நீங்கள் பேசவேண்டிய ஆள் வேறு. தோப்பு குத்தகைக்குப் போயிருந்தால் மருந்தடிப்பது உரிமையாளர் இல்லை, குத்தகைக்காரர். ஒரு பருவத்தோடு போகிறவருக்கு அடுத்த வருட ஈயைப் பற்றி என்ன கவலை? உரிமையாளரிடம் குத்தகையை 3 வருடமாக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால், விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதைக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகிறது. இதை விட்டுவிட்டுப் பொறி மட்டும் மாட்டுவது வீண்.

இயற்கைச் சான்றிதழ் ஆசை காட்டி ஆரம்பிக்காதீர்கள். மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் மாற்றக்காலமே 3 வருடம், அதுவரை கூடுதல் விலை கிடையாது. கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவைவிட, நேரடியாகச் சாப்பிட விற்கும் அல்போன்சா வைத்திருப்பவர்களை முதலில் பிடியுங்கள். முட்டையிட ஈ பழத்தில் ஒரு குத்து குத்தினாலும் அவர்களுக்குத்தான் நேரடி நட்டம்.

அடுத்தடுத்த தோப்பாக நாலைந்து பேர் போதும். ஏக்கருக்கு 10 பொறி, அறுவடைக்கு 60 நாள் முன்பே, நிழலான கிளையில். பொறிக்குள் வைக்க, மெத்தில் யூஜினாலிலும் பூச்சிமருந்திலும் ஊறவைத்துக் கடையில் விற்கும் மரக்கட்டையே வசதி. அதிலுள்ள மருந்து பழத்தில் படாது. வாராவாரம் செத்த ஈயைக் கொட்டி எண்ணும்போது அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுங்கள்.